நிக்கலின் மேல் என்ன நடக்கிறது? ஆல்கீன் ஹைட்ரஜனேற்றம், அடிப்படையிலிருந்து

பிளஸ் ஒன் வேதியியலில், ஹைட்ரோகார்பன் பாடத்தில் ஒரு வரி வரும். எத்திலீனுடன் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஈத்தேன். அம்புக்குறியின் தலைமேல் நிக்கல் என்று எழுதியிருக்கும். அண்ணா நகர், பெரம்பூர், தாம்பரம் என்று சென்னையில் எந்த டியூஷன் சென்டரில் கேட்டாலும் பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சபாட்டியே–சென்டரன்ஸ் வினை என்று பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். சரி, அந்த நிக்கல் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "வினையோட வேகத்தைக் கூட்டுது சார்" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

அந்தப் பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். இந்த வினையில் முக்கியமானது எல்லாமே அந்த உலோகத்தின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. அங்கே நடப்பதை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துவிட்டால், தனித்தனியாக மனப்பாடம் செய்யச் சொல்கிற பல சங்கதிகள் தாமாகவே விளங்கும். இரண்டு ஹைட்ரஜனும் ஏன் ஒரே பக்கமாக வந்து சேர்கின்றன, கந்தகம் பட்டால் வினை ஏன் படுத்துவிடுகிறது, வனஸ்பதிக்குள் டிரான்ஸ் கொழுப்பு எங்கிருந்து வந்தது, எல்லாவற்றுக்கும் பதில் அந்தப் பரப்பில் இருக்கிறது.

முதலில் ஆல்கீன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உள்ள ஹைட்ரோகார்பன்தான் ஆல்கீன். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் சின்னது எத்திலீன். மாம்பழ சீசனில் கோயம்பேட்டில் கார்பைடு கல்லைப் பறிமுதல் செய்துவிட்டு, 'இதைப் பயன்படுத்துங்கள்' என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சொல்வது இந்த வாயுவைத்தான். இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இரண்டு பிணைப்புகளும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒன்று சிக்மா பிணைப்பு. அதன் எலக்ட்ரான்கள் இரண்டு கார்பன் கருக்களுக்கும் நேர் நடுவே உட்கார்ந்திருக்கும்; உறுதியானது. இன்னொன்று பை பிணைப்பு. அதன் எலக்ட்ரான் மேகம் மூலக்கூறின் தளத்துக்கு மேலேயும் கீழேயும் படர்ந்திருக்கும். கருக்களின் பிடியிலிருந்து கொஞ்சம் விலகி, வெளியே தெரிகிற மாதிரி இருப்பதால் மற்றவை வந்து தொடுவதற்கு அதுதான் வசதி.

எண்களில் சொன்னால், கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை முழுசாக உடைக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 612 கிலோ ஜூல் வேண்டும். ஒற்றைப் பிணைப்புக்கு 347. வித்தியாசமான 265ஐப் பை பிணைப்பின் மதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் மூலக்கூறில் உள்ள பிணைப்பை உடைக்க 436. ஆக, செலவு 701. வரவு என்ன? புதிதாக இரண்டு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகின்றன. ஒவ்வொன்றுக்கும் சுமார் 413, மொத்தம் 826. மிச்சம் 125 கிலோ ஜூல் வெப்பமாக வெளியே வருகிறது. எத்திலீனுக்கு உண்மையில் அளந்து கண்ட மதிப்பு 137. நாம் போட்டது சராசரி மதிப்புகளை வைத்த கணக்கு என்பதால் இவ்வளவு கிட்டே வந்ததே பெரிசு.

கணக்குப்படி நல்ல லாபம். அப்படியென்றால் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் ஒரு குடுவையில் அடைத்து வைத்தால் தானாக ஈத்தேன் ஆகிவிட வேண்டுமே? ஆகாது. அறை வெப்பநிலையில் எத்தனை நாள் வைத்தாலும் அவை பாட்டுக்கு அவை இருக்கும். காரணம், லாபம் வருவதற்கு முன்னால் முதலீடு போட வேண்டியிருக்கிறது. 436 கிலோ ஜூல் பிணைப்பை யாராவது தளர்த்தினால்தான் வேலை தொடங்கும். தவிர, ஹைட்ரஜன் மூலக்கூறும் பை மேகமும் நேருக்கு நேர் வந்தால் அவற்றின் எலக்ட்ரான் அலைகளின் குறிகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இது கொஞ்சம் மேல்வகுப்புச் சமாச்சாரம். இப்போதைக்கு, நேரடி வழியில் பெரிய சுவர் ஒன்று நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால் போதும். அந்தச் சுவரின் உயரத்தைத்தான் கிளர்வு ஆற்றல் என்கிறோம்.

இப்போது உலோகம் உள்ளே வருகிறது.

நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத்தின் உட்புறத்தில் இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் அண்டை அணுக்கள் உண்டு. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு மேல்பக்கம் யாரும் இல்லை. பிணைப்பு அமைக்கும் திறனில் கொஞ்சம் அதற்கு மிச்சம் இருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு வந்து அதன் மேல் படும்போது, இரண்டு ஹைட்ரஜன்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு தளரத் தளர, ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் உலோகத்துக்கும் இடையே பிணைப்பு உருவாகிக்கொண்டே வருகிறது. 436 கிலோ ஜூலையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. ஒரு கை கொடுக்கும்போதே மறு கை வாங்கிக்கொள்கிறது. முடிவில் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து, தனித்தனி ஹைட்ரஜன் அணுக்கள் பரப்பின் மேல் ஒட்டிக்கொண்டு, இங்குமங்கும் நகர்ந்துகொண்டிருக்கும். பரப்பு கவர்தல் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். (பல்லேடியம் இதில் தனிப் பிறவி. ஹைட்ரஜனை மேலே வைத்துக்கொள்வதோடு நிற்காமல் உள்ளேயும் இழுத்துக்கொள்ளும். தன் கன அளவைப் போல 900 மடங்கு வரைக்கும். தாமஸ் கிரஹாம் இதை 1866இலேயே கண்டு சொல்லிவிட்டார்.)

அடுத்து ஆல்கீன் வருகிறது. அதன் பை மேகம் பரப்பைத் தொடும்படி தட்டையாகப் படுக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஒரு ஹைட்ரஜன் அணு நகர்ந்து வந்து ஒரு கார்பனில் சேர்கிறது. இந்தக் கட்டத்தில் மூலக்கூறு பாதி ஆல்கேன் (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்) ஆகிவிட்டது. ஒரு கார்பனுக்கு ஹைட்ரஜன் கிடைத்துவிட்டது. மற்ற கார்பன் இன்னும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பாதி நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டால்டாவைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். இரண்டாவது ஹைட்ரஜன் வந்து அந்தக் கார்பனிலும் சேர்ந்ததும் ஆல்கேன் தயார். அதில் பை மேகம் கிடையாது. உலோகத்தைப் பிடித்துக்கொள்ள அதனிடம் ஒன்றும் இல்லை. கழன்று போய்விடும். காலியான இடத்தில் அடுத்த ஆல்கீன் வந்து படுக்கும். இந்தப் படிநிலைகளை 1934இல் ஜப்பானியரான ஜூரோ ஹொரியூட்டியும் ஹங்கேரியில் பிறந்த மைக்கேல் பொலானியும் முன்வைத்தார்கள். அதன்பின் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனால் அடிப்படைச் சித்திரம் இன்றும் அதுதான்.

இதிலிருந்தே ஒன்று புரியும். வினையூக்கியின் பிடி அளவாக இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் ஹைட்ரஜன் பிளக்காது. சாதாரணத் தங்கத்தின் பரப்பு இதற்கு லாயக்கில்லாமல் போவது அதனால்தான். பிடி இறுகிவிட்டாலோ வந்தவர்கள் கிளம்பவே மாட்டார்கள். டங்ஸ்டனிடம் இந்தச் சிக்கல் உண்டு. நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் மூன்றும் நடுவில் நிற்கின்றன. இவற்றில் நிக்கல் மலிவு. அதனால் ஆலைக்கு நிக்கல், ஆய்வகத்துக்குப் பல்லேடியம் என்று பழகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், தேர்விலும் இதைக் கேட்பார்கள். வினையூக்கி அந்த 137 கிலோ ஜூலைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாது. புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் அப்படியேதான் இருக்கும். மாறுவது பாதை மட்டும். ஆகவே திரும்பும் வழிக்கும் அதே உலோகம் உதவும். வெப்பநிலையை நன்றாக ஏற்றினால் ஆல்கேனிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றும் வேலையையும் இதே வகை உலோகங்கள் செய்கின்றன.

ஒரே பக்கச் சேர்க்கை

பரப்பின் மேல் ஆல்கீன் தட்டையாகப் படுத்திருக்கிறது என்றோம். ஹைட்ரஜன் அணுக்கள் இருப்பதும் அதே பரப்பில்தான். ஆகவே இரண்டு ஹைட்ரஜனும் அடியிலிருந்துதான் வந்து சேர முடியும். தோசைக்கல்லில் ஊற்றிய தோசையில் கல்லைத் தொடும் பக்கம் மட்டும் சிவப்பதைப் போலத்தான். ஒரு ஹைட்ரஜன் கீழேயும் ஒன்று மேலேயுமாகச் சேர வேண்டுமென்றால் நடுவில் யாராவது திருப்பிப் போட வேண்டும். இதை சின் சேர்க்கை, அதாவது ஒரே பக்கச் சேர்க்கை என்பார்கள்.

எத்திலீனில் இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது. எந்தப் பக்கம் சேர்ந்தாலும் ஈத்தேன் ஈத்தேன்தான். வளைய மூலக்கூறுகளில்தான் விஷயம் வெளிப்படும். 1,2-டைமெத்தில் சைக்ளோஹெக்சீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கார்பன் வளையம்; அதில் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இரண்டு கார்பன்களிலும் ஆளுக்கொரு மெத்தில் தொகுதி. இரண்டு ஹைட்ரஜனும் கீழிருந்து வந்தால் இரண்டு மெத்திலும் மேல்பக்கம் தள்ளப்படும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும் சிஸ் வடிவம் கிடைக்கும். பிளாட்டினத்தின் மேல் செய்து பார்த்தால் பெரும்பாலும் சிஸ்தான் வருகிறது. 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மெத்தில்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் டிரான்ஸ் வடிவமும் கொஞ்சம் சேர்ந்து வரும். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

மூலக்கூறின் எந்தப் பக்கம் பரப்பில் படும் என்பதையும் ஊகிக்கலாம். டர்பன்டைனில் இருக்கும் ஆல்ஃபா-பைனீன் இதற்கு நல்ல உதாரணம். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு மெத்தில் தொகுதிகளைச் சுமந்த பாலம் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கமாகப் படுக்க முடியாது. ஆகவே இடைஞ்சல் இல்லாத மறுபக்கமாகப் படுக்கிறது. ஹைட்ரஜனும் அந்தப் பக்கத்திலேயே சேர்கிறது. இதே காரணத்தால், இரட்டைப் பிணைப்பைச் சுற்றித் தொகுதிகள் கூடக் கூட வினை மந்தமாகும். ஒரே ஒரு தொகுதி ஒட்டியிருக்கும் ஆல்கீன் சீக்கிரம் ஹைட்ரஜனேற்றம் அடையும். நான்கு பக்கமும் தொகுதிகள் சூழ்ந்தது கடைசியில்தான் வரும்.

பாதியில் திரும்பும் பயணம்

அந்தப் பாதி நிலைக்கு வருவோம். ஒரு ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டது, இரண்டாவது இன்னும் வரவில்லை. இப்போது மூலக்கூறுக்கு இரண்டு வழி. இரண்டாவது ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு ஆல்கேனாக வெளியேறலாம். இல்லாவிட்டால் ஒரு ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆல்கீனாகிவிடலாம். ஆம், முதல் படி இரு திசையிலும் நடக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான சகோதரனான டியூட்டீரியத்தை எத்திலீனோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நேராகச் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு கார்பனிலும் ஒரு டியூட்டீரியம் உள்ள ஈத்தேன் மட்டும் கிடைக்க வேண்டும். கிடைப்பதோ ஒரு கதம்பம். டியூட்டீரியமே இல்லாத ஈத்தேன், ஒன்று உள்ளது, மூன்று நான்கு உள்ளது என்று பல வகை. வினைபடாமல் மிஞ்சிய எத்திலீனிலும் டியூட்டீரியம் ஏறியிருக்கும். மூலக்கூறுகள் ஏறுவதும் இறங்குவதுமாக, கொடுப்பதும் வாங்குவதுமாக இருந்தால்தான் இப்படி ஆகும்.

திரும்பும்போது, போன மாதிரியே திரும்ப வேண்டிய கட்டாயமில்லை. பாதி நிலையில் அந்த இரண்டு கார்பன்களுக்கு நடுவே இருப்பது ஒற்றைப் பிணைப்பு. ஒற்றைப் பிணைப்பு சுழலும். சிஸ்ஸாக வந்து படுத்தது, சுழன்று, டிரான்ஸாக எழுந்து போகலாம். அல்லது முதலில் வந்த ஹைட்ரஜனைத் தானே வைத்துக்கொண்டு, பக்கத்துக் கார்பனில் இருக்கும் வேறொரு ஹைட்ரஜனைக் கொடுக்கலாம். அப்போது இரட்டைப் பிணைப்பே ஒரு வீடு தள்ளிப் போய்விடும். மேலே சொன்ன சைக்ளோஹெக்சீனில் கொஞ்சம் டிரான்ஸ் வந்த மர்மம் இதுதான். இரட்டைப் பிணைப்பு இடம் மாறி, மூலக்கூறு கழன்று, மறுபடி வேறு பக்கமாகப் படுத்தால் எல்லாம் மாறிவிடும்.

பாடநூல்கள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. ஏனென்றால் உலகம் முழுக்க கோடிக்கணக்கான சமையலறைகளைத் தொட்ட சங்கதி இது.

எண்ணெய் கெட்டியான கதை

1890களில் பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாட்டியேவும் ஜான்-பாப்டிஸ்ட் சென்டரன்ஸும் நிக்கல் தூளின் மேல் வாயுக்களைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிக்கலோடு கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஒரு சேர்மம் உருவாவதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பு லுட்விக் மோண்ட் குழு கண்டிருந்தது. எத்திலீனும் அப்படிச் சேருமா என்பது சபாட்டியேவின் கேள்வி. சேரவில்லை, ஆனால் வெளியே வந்த வாயுவில் ஈத்தேன் இருந்தது. 1897இல் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தே நிக்கலின் மேல் செலுத்தி, ஈத்தேன் ஆக்கிக் காட்டினார்கள். 1912இல் நோபல் பரிசு சபாட்டியேவுக்குக் கிடைத்தது. அதை விக்டர் கிரீன்யாரோடு பகிர்ந்துகொண்டார். பாதிரியாரான சென்டரன்ஸுக்குப் பங்கு இல்லை. நம் ஊர்ப் பாடநூலாவது இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்கிறது.

சபாட்டியே ஆவி நிலையில் உள்ள பொருள்களையே கையாண்டார். எண்ணெயைக் கெடாமல் ஆவியாக்க முடியாது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன்தான், நிக்கல் தூளைத் திரவ எண்ணெயிலேயே கலக்கி, ஹைட்ரஜனைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டியாகும் என்று கண்டு 1902இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் 1911இல் கிரிஸ்கோ என்ற சமையல் கொழுப்பு வந்தது. இந்தியாவில் 1937இல் டால்டா என்ற வனஸ்பதி வந்தது. நெய் வாங்க முடியாத வீடுகளுக்கு நெய் மாதிரி ஒன்று. மஞ்சள் டின்னில் பனை மரப் படம். காலியான டின்னில் துளசிச் செடி வைத்த வீடுகள் சென்னையில் ஏராளம்.

எண்ணெய் ஏன் திரவமாக இருக்கிறது? எண்ணெய், நெய் எல்லாமே கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் சேர்ந்தவை. 18 கார்பன் உள்ள ஸ்டியரிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இல்லை. சங்கிலி நேராக நீண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடுக்கும். உருகுநிலை சுமார் 69 டிகிரி. அதே 18 கார்பனில் நடுவே ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு வந்தால் ஓலிக் அமிலம். சங்கிலி நடுவில் முறிந்த மாதிரி வளைந்துவிடும், அடுக்க முடியாது, உருகுநிலை 13 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ள லினோலிக் அமிலத்துக்குப் பூஜ்யத்துக்கும் கீழே 5 டிகிரி. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மார்கழி விடியலிலும் ஓடுவது இதனால். (தேங்காய் எண்ணெய் மட்டும் வேறு கட்சி. அதில் பெரும்பகுதி இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்புதான், ஆனால் சங்கிலிகள் குட்டை. 24, 25 டிகிரியில் உருகிவிடும். அதனால் சென்னையில் மார்கழி, தை மாதக் காலைகளில் மட்டும் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து, வெயில் ஏறியதும் இளகிவிடும்.)

ஆக, எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகளுக்கு ஹைட்ரஜன் கொடுத்தால் கெட்டியாகும். ஆனால் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டால் மெழுகு போல இறுகிப்போகும். சப்பாத்தியில் தடவ முடியாது. பாதியில் நிறுத்த வேண்டும். ஆலையில், மூடிய பெரிய கலனில், 150 முதல் 200 டிகிரி வரை சூடான எண்ணெயில் நிக்கல் தூளைக் கலக்கி, அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, அதன் ஒளிவிலகல் எண்ணைப் பார்ப்பார்கள். இரட்டைப் பிணைப்பு குறையக் குறைய அந்த எண்ணும் இறங்கும். வேண்டிய இடத்துக்கு வந்ததும் ஹைட்ரஜனை நிறுத்தி, நிக்கலை வடிகட்டி எடுத்துவிடுவார்கள்.

இந்தப் பாதியில் நிறுத்தலில்தான் வில்லங்கம் இருக்கிறது. பரப்பில் ஏறி, பாதி நிலை வரை போய், திரும்பி இறங்கிய சங்கிலிகள் ஏராளமாக எண்ணெயிலேயே மிஞ்சிவிடுகின்றன. அவற்றில் நிறைய டிரான்ஸ் வடிவத்துக்கு மாறியிருக்கும், ஏனென்றால் சிஸ்ஸைவிட டிரான்ஸ் நிலையானது. சூடு அதிகமாகவும் பரப்பில் ஹைட்ரஜன் குறைவாகவும் இருந்தால், இரண்டாவது ஹைட்ரஜன் வந்து சேர்வதற்குள் திரும்பிவிடும் சங்கிலிகள் கூடும், டிரான்ஸும் கூடும். வேடிக்கை என்னவென்றால், உற்பத்தியாளர்களுக்கு இது வசதியாகவே இருந்தது. ஓலிக் அமிலத்தின் டிரான்ஸ் வடிவம் எலைடிக் அமிலம். டிரான்ஸ் சங்கிலி வளையாது, ஸ்டியரிக் போல ஏறக்குறைய நேராக இருக்கும். உருகுநிலை 44 டிகிரி பக்கம். ஒரு ஹைட்ரஜனைக்கூடச் செலவு செய்யாமல் 13 டிகிரி கொழுப்பு 44 டிகிரி கொழுப்பாகிவிடுகிறது! சென்னை வெயிலிலும் உருகாத வனஸ்பதி, மொறுமொறு பிஸ்கட், பஃப்ஸ், கேக் மேல் நிற்கும் கிரீம், இவையெல்லாவற்றிலும் டிரான்ஸுக்குப் பங்கு உண்டு.

உடம்புக்கு இது சரிப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுவதோடு நில்லாமல் நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் ஆலைத் தயாரிப்பால் வரும் டிரான்ஸ் 2021இல் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்தது. இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று: குற்றவாளி ஹைட்ரஜனேற்றம் அல்ல, பாதி ஹைட்ரஜனேற்றம். முழுசாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் இரட்டைப் பிணைப்பே மிஞ்சாது என்பதால் டிரான்ஸும் ஏறக்குறைய இருக்காது. நிறைவுற்ற கொழுப்பு நிறைய இருக்கும், அது வேறு கவலை.

வனஸ்பதியை விட்டுப் போவதற்கு முன் ஒரு துணுக்கு. நெய்யில் வனஸ்பதியைக் கலப்பவர்களைப் பிடிக்க அரசு ஒரு வழி செய்தது: வனஸ்பதியில் 5 சதவீதமாவது நல்லெண்ணெய் சேர்த்தே தீர வேண்டும் என்று விதி. நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். போடோயின் சோதனை என்று பெயர். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம்.

ஆய்வகத்தில் பார்த்தால்

கலனும் கம்ப்ரஸரும் இல்லாமல் இதே வினையை ஒரு பலூனை வைத்து நடத்துகிறார்கள். கரித்தூளின் மேல் 5 அல்லது 10 சதவீதம் பல்லேடியம் படிய வைத்த கறுப்புப் பொடி. ஆல்கீனைக் கரைக்க எத்தனால் அல்லது மெத்தனால். ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் ஒன்று குடுவையின் வாயில். உள்ளே காந்தக் குச்சி சுற்றிக்கொண்டிருக்கும். பலூன் மெதுவாகச் சுருங்குவதை வைத்தே வினை ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கலக்குவதை நிறுத்தினால் வினையும் மந்தமாகிவிடும், ஏனென்றால் வாயு, திரவம், திடம் மூன்றும் சந்தித்தால்தான் வேலை நடக்கும்.

எவ்வளவு சுருங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஓர் இரட்டைப் பிணைப்புக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. 8.2 கிராம் சைக்ளோஹெக்சீன் என்றால் பத்தில் ஒரு மோல். சென்னையின் 30 டிகிரியில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.9 லிட்டர் இடம் பிடிக்கும் (22.4 என்பது பூஜ்ய டிகிரிக்கு, நம் ஊரில் அந்தப் பேச்சே இல்லை). ஆகவே சுமார் 2.5 லிட்டர் ஹைட்ரஜன் செலவாகும். தெரியாத சேர்மம் ஒன்றில் எத்தனை இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்று இதையே திருப்பிப் போட்டுக் கண்டுபிடித்த காலம் உண்டு.

அளவைப் போலவே வெளிவரும் வெப்பமும் சேதி சொல்லும். 1-பியூட்டீன், சிஸ்-2-பியூட்டீன், டிரான்ஸ்-2-பியூட்டீன் மூன்றும் கடைசியில் ஒரே பியூட்டேன்தான் ஆகின்றன. வெளிவரும் வெப்பம் மட்டும் முறையே 127, 120, 116 கிலோ ஜூல். போய்ச் சேரும் இடம் ஒன்றே என்பதால், குறைவாக வெப்பம் விடுவது ஏற்கெனவே தாழ்ந்த, நிலையான இடத்தில் இருந்தது என்று பொருள். சிஸ்ஸைவிட டிரான்ஸ் நிலையானது என்று மேலே சொன்னதற்கு ஆதாரம் இங்கே இருக்கிறது.

இந்த வினையில் பயப்பட வேண்டியது வினை முடிந்த பிறகுதான். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் தீப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் சொல்லித் தரப்படுகிறது. அதற்காக நைட்ரஜனை ஓட்டிக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஆனால் வடிகட்டும்போது கவனம் தளர்ந்துவிடும். ஹைட்ரஜனை உறிஞ்சிய பல்லேடியக் கரி வடிதாளில் காய்ந்து, காற்றும் மெத்தனால் ஆவியும் சேர்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஈரமாகவே வைத்திருந்து, ஈரமாகவே தனி டப்பாவில் போட வேண்டும். குப்பைத் தொட்டியில் டிஷ்யூ பேப்பரோடு போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. ரேனி நிக்கலும் இப்படித்தான். நிக்கல்–அலுமினியக் கலவையிலிருந்து அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து எடுத்தபின் மிஞ்சும், துளைகள் நிறைந்த நிக்கல் அது. துளைகளால் பரப்பு ஏராளம். அதனாலேயே வேகமும் அதிகம், தீப்பிடிக்கும் குணமும் அதிகம். தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருப்பார்கள்.

எதைத் தொடும், எதை விடும்

பல்லேடியக் கரியும் ஒரு பலூன் ஹைட்ரஜனும் இருந்தால் ஸ்டைரீன் எத்தில் பென்சீன் ஆகும். அதே மூலக்கூறில் இருக்கும் பென்சீன் வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. பென்சீனில் மூன்று இரட்டைப் பிணைப்பு வரைகிறோமே என்று கேட்கலாம். சைக்ளோஹெக்சீனின் ஒரு இரட்டைப் பிணைப்பு சுமார் 120 கிலோ ஜூல் விடுகிறது. மூன்றுக்கு 360 வர வேண்டும். பென்சீன் விடுவதோ 208. அவ்வளவு நிலையான வளையத்தைக் கலைக்கச் சூடும் அழுத்தமும் வேண்டும்.

அடுத்து, நஞ்சு. பரப்பில் இருக்கும் இடங்கள் அளவானவை. கந்தகச் சேர்மங்களோ, ஈயமோ, கார்பன் மோனாக்சைடோ வந்து இறுக்கமாக உட்கார்ந்துகொண்டால் ஆல்கீனுக்கு இடம் இல்லை. துளி அசுத்தம் போதும், ஒரு நாள் முழுக்கப் பலூன் சுருங்காமல் நிற்க. ஆனால் இதையே சாதகமாகவும் ஆக்கலாம். சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் ஹெர்பர்ட் லிண்ட்லர் 1952இல், கால்சியம் கார்பனேட்டின் மேல் படிந்த பல்லேடியத்தை வேண்டுமென்றே ஈயத்தாலும் குயினோலினாலும் மந்தமாக்கினார். அந்த மந்தமான பரப்பு முப்பிணைப்பு உள்ள ஆல்கைனை ஆல்கீன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நின்றுவிடும். ஒரே பக்கச் சேர்க்கை என்பதால் கிடைக்கும் ஆல்கீன் சிஸ்.

மணலி சுத்திகரிப்பு ஆலையின் நிலைமை இதற்கு நேர்மாறு. டீசலிலிருந்து கந்தகத்தை எடுக்கவே அங்கே ஹைட்ரஜன் தேவைப்படுகிறது. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி டீசலில் கந்தகம் 10 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 10 பங்கை) தாண்டக்கூடாது. கந்தகம் நிறைந்த இடத்தில் சாதாரண நிக்கல் செத்துவிடும் என்பதால், இந்த மாதிரி வேலைக்குக் கோபால்ட்–மாலிப்டினத்தின் சல்ஃபைடுகளையே வினையூக்கியாகப் பயன்படுத்துவது வழக்கம். போகிற போக்கில் அங்கே இருக்கும் ஆல்கீன்களும் ஹைட்ரஜன் ஏற்றிக்கொண்டு விடுகின்றன.

கடைசியாக, பரப்பே இல்லாத ஹைட்ரஜனேற்றமும் உண்டு. ஜெஃப்ரி வில்கின்சன் 1960களில் பிரபலமாக்கிய ரோடியம் சேர்மம் கரைப்பானில் முழுசாகக் கரைந்துவிடும். அங்கே ஒரே ஒரு ரோடியம் அணு, தன்னைச் சுற்றியிருக்கும் பாஸ்பீன் என்ற, பாஸ்பரஸ் உள்ள பருத்த தொகுதிகளுக்கு இடையே, ஹைட்ரஜனைப் பிளந்து வைத்துக்கொண்டு ஆல்கீனையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறது. படிநிலைகள் பழைய மாதிரிதான்: பிளப்பது, பிடிப்பது, ஒன்றாகக் கொடுப்பது, இன்னொன்றாகக் கொடுப்பது, விடுவது. நெருக்கடியான இடம் என்பதால் நெரிசல் குறைந்த இரட்டைப் பிணைப்பையே அது தேர்ந்தெடுக்கும். சீமைச் சீரக (கேரவே) எண்ணெயில் இருக்கும் கார்வோனில் இரண்டு இரட்டைப் பிணைப்பு உண்டு; வளையத்துக்கு வெளியே தொங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதைத் தொடாமல் விட்டுவிடும். அந்தப் பாஸ்பீன்களை இடக்கை, வலக்கை வித்தியாசம் உள்ளவையாக மாற்றினால், ஆல்கீனின் எந்த முகத்தில் ஹைட்ரஜன் சேர வேண்டும் என்பதையே தீர்மானிக்கலாம். வில்லியம் நோல்ஸ் அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் இப்படித்தான் பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தை ஆலை அளவில் தயாரிக்க வழி செய்தார். 2001இல் நோபல் பரிசு கிடைத்த மூவரில் அவரும் ஒருவர்; இதே ஹைட்ரஜனேற்றத்தை ருதீனியம் கொண்டு விரிவாக்கிய ரியோஜி நோயோரி இன்னொருவர்.